அறுத்த மீன் பொருந்திய மலையில்

கொல்லிமலையில் ஒரு கதை சொல்வார்கள். ஐயாற்றில் பிடித்த மீனை அறுத்துக் குழம்பு வைத்தார்களாம். சட்டி கொதித்ததும் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தி, உயிர் பெற்று, துள்ளி ஆற்றுக்குள் போய்விட்டனவாம். அறப்பளீசுவரரின் அருள் என்கிறது மலை. கோயிலுக்கு வருபவர்கள் இன்றும் ஆற்று மீன்களுக்கு உணவிடுகிறார்கள். ஆலத்தூர் நாடு, வளப்பூர் நாடு என்று நாடு நாடாகப் பிரிந்து வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு, அறுபட்ட உடல் மறுபடி பொருந்தும் என்ற எண்ணம் புதிதல்ல.

மருத்துவர்களும் அதே சொல்லைத்தான் ஆள்கிறார்கள்: பொருத்தம்.

தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் கடுமையாகத் தாக்கிய குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்ற ஏற்ற இரும்புச்சத்து சேர்ந்து கல்லீரலும் இதயமும் கெடும். நோயை வேரோடு நீக்க, இன்னொருவரின் எலும்பு மஜ்ஜையிலுள்ள குருத்தணுக்களை எடுத்துக் குழந்தைக்குள் குடியேற்றலாம். அதற்கு ஆறாவது குரோமோசோமில் உள்ள எச்.எல்.ஏ. மரபணுக்கள் பொருந்த வேண்டும். தாயிடமிருந்து ஒரு பாதி, தந்தையிடமிருந்து ஒரு பாதி வருவதால், உடன்பிறந்த ஒருவர் முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பாசத்துக்கோ பக்திக்கோ அந்தக் கணக்கு வளைந்து கொடுப்பதில்லை.

அந்த ஒன்றும் வாய்த்து, அண்ணனின் மஜ்ஜை தங்கைக்கு முழுதாகப் பொருந்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் பிறகும் முடிவு ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒரே மருந்து, ஒரே கவனிப்பு. ஒரு குழந்தை தேறி வீட்டுக்குப் போகிறது. இன்னொரு குழந்தைக்கோ கல்லீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைபட்டு, வயிற்றில் நீர் கோத்துக்கொள்கிறது. எதனால் என்று கேட்டால், நம் வீடுகளில் தயாராக ஒரு விடை இருக்கிறது: தலையெழுத்து.

இந்தக் கேள்வியை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி அப்படியே விட்டுவிடவில்லை. 1986-ல் அங்கே எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை தொடங்கியது. மாற்றுக்கு முன் பழைய மஜ்ஜையை அழிக்க புசல்ஃபான் என்ற மருந்து கொடுப்பது வழக்கம். சிகிச்சை பெற்ற 114 தலசீமியா நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து, அங்குள்ள மருத்துவர்கள் 2004-ல் ‘பிளட்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நச்சுப்பொருள்களை முறியடிக்க உதவும் நொதி ஒன்றை உண்டாக்கும் ஜி.எஸ்.டி.எம்.1 என்ற மரபணு சிலருக்குப் பிறவியிலேயே இல்லை. அவர்களுக்குத்தான் அந்தக் கல்லீரல் அடைப்பு அதிகமாக வந்திருந்தது.

அந்த மரபணு இல்லாமல் உலகில் கோடிக்கணக்கானவர்கள் நலமாக வாழ்கிறார்கள். தங்களிடம் ஒன்று குறைகிறது என்றே அவர்களுக்குத் தெரியாது. குறிப்பிட்ட மருந்து உடலுக்குள் வரும் நாள்வரை அந்தக் குறை உறங்குகிறது. சைவ சித்தாந்தம் படித்தவருக்கு இது கேட்ட கதைபோல் இருக்கும். வினையை அது மூன்றாகப் பிரிக்கிறது: சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், இப்போது அனுபவத்துக்கு வந்த பிராரத்தம், இனிச் சேரப்போகும் ஆகாமியம். உறங்கும் மரபணுவைச் சஞ்சிதம் என்று சொல்லிவிட நாக்குத் துடிக்கும்.

ஆனால் ஒப்புமை அங்கேயே முறிகிறது. வினை, செய்தவனைத் தேடி வருவது. மரபணுவை யாரும் செய்யவில்லை, யாரும் சம்பாதிக்கவில்லை. நோயுற்ற பிள்ளையின் தாயைப் பார்த்து, ‘என்ன பாவம் பண்ணினாளோ’ என்று தெருவே பேசுகிறதே, அந்தப் பேச்சுக்கு இந்த ஆய்வில் இடமே இல்லை. அந்தத் தாயின் தலையிலிருந்து ஒரு பழியை இறக்கி வைத்ததற்காகவே அறிவியலுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அதே சமயம், மரபணுவே புதிய தலையெழுத்தாகிவிடக் கூடாது. வேலூர் மருத்துவர்கள் அப்படி ஆக விடவில்லை. ஆபத்து மிகுந்த தலசீமியா நோயாளிகளுக்குப் புசல்ஃபானுக்குப் பதிலாக டிரியோசல்ஃபான் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். பிழைத்தவர்கள் கூடினார்கள் என்று 2013-ல் எழுதினார்கள். பிள்ளைகளின் மரபணு மாறவில்லை, மருந்து மாறியது. குறளில் 38-ஆம் அதிகாரம் ஊழ், 62-ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை. ஊழின் வலிமையை எழுதிய அதே கைதான் முயற்சியையும் எழுதியது. இரண்டும் ஒரே நூலில் எப்படி இருக்கலாம் என்று உரைகாரர்கள் தலைமுறை தலைமுறையாக விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். மஜ்ஜை மாற்று வார்டில் அவை முரண்படாமல் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் இருக்கின்றன.

இதில் மலைக்கு ஒரு தனிப் பங்கு உண்டு. மரபணு வேறுபாடுகள் எல்லா மக்களிடமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மாற்றுக்குப் பிந்தைய ஆபத்தோடு ஐரோப்பியர்களிடம் தொடர்புபடுத்தப்பட்ட என்.ஓ.டி.2 மரபணு மாற்றங்கள் ஜப்பானியர்களிடம் காணப்படுவதில்லை. ஐரோப்பியரைப் படித்து எழுதிய எச்சரிக்கை கொல்லிமலைக் குழந்தைக்குப் பொருந்தும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. உறவு முறைக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் சமூகங்களில், உறங்கும் ஒரே மரபணு இரு பக்கமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. உடன்பிறந்தவர் பொருந்தாத நோயாளிக்குப் பொருத்தமான கொடையாளி பெரும்பாலும் அவருடைய சமூகத்துக்குள்தான் கிடைப்பார். 2009-ல் சென்னையில் தொடங்கிய ‘தாத்ரி’ போன்ற கொடையாளர் பதிவேடுகளில் மலைமக்களின் பெயர்கள் சேராதவரை, அவர்களின் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு திறக்காது. கடையெழு வள்ளல்களில் ஒருவனான ஓரி ஆண்ட மலை இது. பஞ்சால் கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்துக் கொடுப்பதுதான் இந்தக் கொடையின் முதல் படி.

தலசீமியாவைப் போலவே பரம்பரையாக வரும் இன்னொரு ரத்த நோயான அரிவாளணு ரத்தசோகையை 2047-க்குள் ஒழிக்க, 2023 ஜூலை 1-ல் ஒன்றிய அரசு ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. பழங்குடிப் பகுதிகளில் 40 வயதுவரை உள்ளவர்களைச் சோதித்து, முடிவை அட்டையாகக் கையில் கொடுப்பது அதன் வேலை. ஆலத்தூர் நாட்டில் அப்படி ஓர் அட்டையை வாங்கும் பெண், ‘இது என் பிள்ளைக்கு விதிச்சதா?’ என்று கேட்கலாம். கொடுக்கும் செவிலியர் அப்போது கொஞ்சம் உட்கார வேண்டியிருக்கும். இது யார் செய்த குற்றமும் இல்லை என்று முதலில் சொல்ல வேண்டும். இன்னும் தெரியாதது நிறைய இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிறகு, அடுத்த சோதனைக்கு எந்தத் தேதியில், எந்தப் பேருந்தில் மலையிறங்க வேண்டும் என்பதை அந்த அட்டையின் பின்புறம் எழுதித் தரலாம்.