ஏட்டில் ஏறாத ஈர விறகு

ஒரு விமானம் ஆலையை விட்டு வெளியே வருவதற்குள் அதன் உறுப்புகளை எத்தனையோ விதமாகச் சோதிக்கிறார்கள். குழாய்களில் அழுத்தம் ஏற்றுகிறார்கள், கம்பிகளில் மின்னோட்டம் பார்க்கிறார்கள். இதற்கெல்லாம் ஆகும் செலவை முன்கூட்டியே சொல்ல இப்போது தரவகழ்வு வந்திருக்கிறது. எந்தப் பாகம் முன்பு எத்தனை முறை பழுது காட்டியது, மறுசோதனைக்கு எத்தனை மணி நேரம் பிடித்தது என்று பழைய பதிவுகளைத் துருவி, அடுத்த விமானத்துக்கான தொகையைக் கணினி சொல்கிறது.

நேற்று நடந்ததை வைத்து நாளை நடக்கப்போவதைச் சொல்லலாமா? பழைய இந்தியப் பொருள்முதல்வாதிகளான சார்வாகர்கள் கூடாது என்றார்கள். மணிமேகலையில் வஞ்சி நகரில் வாதிடும் பூதவாதியும் அந்தக் கட்சிதான். காட்சி ஒன்றே அவனுக்குப் பிரமாணம். அவன் பேச்சைக் கேட்டால் எந்த ஆலையும் திட்டம் போட முடியாது. உற்பத்தி எண்ணிக்கை இரட்டிக்கும்தோறும் விமானம் ஒன்றுக்கு ஆகும் உழைப்பு ஏறத்தாழ 20 சதவீதம் குறைகிறது என்று அமெரிக்கப் பொறியாளர் டி. பி. ரைட் 1936-இல் எழுதினார். அதுவும் அனுமானம்தான். ஆலைகளில் அது பலித்தது.

ஆனால் அனுமானத்தை ஏற்ற, தருக்கம் வகுத்த நியாய நூலாரே ஓர் எச்சரிக்கையும் வைத்தார்கள். நெருப்பு இருக்கும் இடத்தில் எல்லாம் புகை இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. புகைக்கு ஈர விறகு வேண்டும். இப்படிக் கண்ணுக்குத் தப்பி நிற்கும் நிபந்தனைக்கு உபாதி என்று பெயர்.

பிரிட்டனின் காமெட் ஜெட் விமானத்தில் அந்த உபாதி உயிர்களைக் குடித்தது. அதன் பயணிகள் அறைப் பகுதி ஒன்றை ஆலையில் 16,000-க்கும் மேற்பட்ட முறை காற்றழுத்தம் ஏற்றி இறக்கிப் பார்த்திருந்தார்கள். அது தாங்கியது. ஆனால் 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு காமெட்கள் மத்தியதரைக் கடலுக்கு மேல் சிதறின. ஒன்று சுமார் 1,290 பறப்புகளை முடித்திருந்தது, மற்றது சுமார் 900. பிறகு பிரிட்டனின் ஃபார்ன்பரோவில் ஒரு முழு விமானத்தின் உடலைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி அழுத்தம் ஏற்றி இறக்கினார்கள். பழைய பறப்புகளையும் சேர்த்துச் சுமார் 3,000 சுற்றுகளில் அது பிளந்தது. காரணமும் புலப்பட்டது. ஆலையில் சோதித்த அதே பகுதியின்மேல் அதற்கு முன்பே வழக்கத்தைப்போல இரு மடங்கு அழுத்தம் ஏற்றியிருந்தார்கள். அதில் சன்னல் மூலைகளில் இருந்த உலோகம் இறுகி, கூடுதல் ஆயுள் பெற்றுவிட்டது. பயணிகள் ஏறிய விமானங்களுக்கு அந்த இறுக்கம் இல்லை.

பதிவு பொய் சொல்லவில்லை. அது வேறொரு பொருளைப் பற்றிய உண்மை. தரவகழ்வு எவ்வளவு நுட்பமானாலும் ஏட்டில் எழுதாததை அகழ முடியாது. ஆகவே அது சொல்லும் தொகையை வைத்து ஆளையும் நேரத்தையும் ஒதுக்கலாம். பழுது காட்டாத பாகம் என்று சோதனையையே குறைக்கத் துணிவது அறமல்ல.

2009 ஜூன் இறுதியில் முதன்முதலாகப் பறக்கவிருந்தது போயிங் 787. இறக்கை உடலோடு சேரும் இடத்தில் வலு போதாது என்று தரைச் சோதனை காட்டியதால், அது பறக்க டிசம்பர் 15 ஆயிற்று. அந்தத் தாமதத்தைப் பழைய பதிவுகளிலிருந்து எடுக்க வழியே இல்லை. எடையில் பாதி கார்பன் இழைக் கலவையாலான பெரிய பயணிகள் விமானத்தை அதற்கு முன் போயிங் கட்டியதில்லை.