எது நல்லது?

விற்பவன் தன் சரக்கின் குறையைத் தானே சொல்ல வேண்டுமா? கேட்டால் பொய் சொல்லக் கூடாது, கேட்காவிட்டால் வாய் திறக்க வேண்டியதில்லை என்று நம் வியாபாரச் சகோதரர்களில் பலர் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறோம். அடியேனும் இருபது வருடமாக அந்தக் கோட்டுக்கு உள்ளேதான் நின்று வந்தேன்.

லண்டனில் 1957-ஆம் ஆண்டு, வாங்குவோர் சங்கம் ஒன்று கார்க் கொட்டகையில் இருந்துகொண்டு ஒரு பத்திரிகை ஆரம்பித்தது. பெயர் 'விச்?'. நம் பாஷையில் 'எது?' என்று பொருள். தினமும் நம் கல்லாவின் முன் கேட்கிற கேள்விதான்! வீட்டுச் சாமான்களைச் சோதித்து, கம்பெனிப் பெயரோடு முடிவை அச்சிட்டார்கள். அமெரிக்காவில் 1936-லேயே இப்படி ஒரு பத்திரிகை தோன்றியிருந்தது. இன்று அதற்குக் 'கன்சூமர் ரிப்போர்ட்ஸ்' என்று பெயர். இரண்டிலும் விளம்பரம் கிடையாது. சோதிக்கும் சாமானைக் கம்பெனியிடம் இனாமாகப் பெறாமல், சாதாரண ஆள்போலக் கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்குவார்கள். காரணத்தை நமக்கு விளக்க வேண்டுமா? ஏஜெண்டு காட்டும் மாதிரியும் பிறகு லாரியில் வந்து இறங்கும் சரக்கும் எப்படி என்று நாம் அறியாததா!

'விச்?' முதல் இதழில் ஆஸ்பிரின் மாத்திரைகளை ஒப்பிட்டார்கள். பெயர் வேறு, விலை வேறு. உள்ளே இருந்த மருந்து ஏறக்குறைய ஒன்றே. இதுதான் என்னைத் தைத்தது. அவற்றை விற்ற கடைக்காரன் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விலை கூடினால் குணமும் கூடும் என்று வாங்குகிறவர் தாமே எண்ணிக்கொள்வார். கடைக்காரன் அந்த எண்ணத்தைக் கலைக்காமல் இருந்தால் போதும்.

சென்ற வருடம் ஒரு மூதாட்டி, "எந்தக் கெட்டில் நல்லது, தம்பி?" என்று கேட்டார். கமிஷன் அதிகமுள்ளதை எடுத்து வைத்து, "இது நன்றாக ஓடுது, அம்மா" என்றேன். ஓடியது மெய். மூன்று திரும்பி வந்திருந்ததும் மெய். முதல் மெய்யை மட்டும் சொல்லிப் பணத்தை வாங்கிப் போட்டேன். கேள்வி கேட்கப்பட்ட பின்பும் என் கோடு எனக்கு இடம் கொடுத்துவிட்டது, பாருங்கள்.

"குறையெல்லாம் சொன்னால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்" என்கிறார் பக்கத்துக் கடை நண்பர். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. நம்மிடம் சோதனைக் கூடம் இல்லை. கம்பிச்சுருள் எத்தனை நாள் தாங்கும் என்று நமக்கென்ன தெரியும்? ஆனால் திரும்பி வந்த சாமான்களின் கணக்கு இருக்கிறதே. அதைப் பார்ப்பவர் நாம் ஒருவர்தான்.

அந்தக் கெட்டிலில் நான்கு மீதி இருந்தன. கேட்பவரிடம் மூன்று திரும்பியதைச் சொல்லித்தான் இப்போது காட்டுகிறேன். ஒருவர் மட்டும் வாங்கிப் போனார், ஐந்து வெள்ளி குறைத்துக்கொண்டு.