ஒன்பது மாத நன்றி

ஒரு சின்னக் கணக்கு போடலாமா? தர்மசங்கடமான கணக்கு. கோபப்படாமல் விடை சொல்லுங்கள்.

உங்களிடம் ஒரு கம்பெனி இருக்கிறது. 132 வருஷமாகச் சுமாராக ஓடிக்கொண்டிருக்கிறது. புதிதாக ஒரு மேனேஜர் வருகிறார். வந்த முதல் வருஷமே நாட்டில் நம்பர் ஒன்! ஆனால், அடுத்த வருஷம் கம்பெனி தலைகீழாகச் சரிகிறது. அதே மேனேஜர், கிட்டத்தட்ட அதே ஆட்கள். ஜெயித்து ஒன்பது மாதம்தான் ஆகிறது. அவரை வைத்துக்கொள்வீர்களா, வீட்டுக்கு அனுப்புவீர்களா?

'அதெப்படி ஸார், நன்றின்னு ஒண்ணு வேணாமா?' என்கிறீர்களா? நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாளைக்கு.

கம்பெனியின் பெயர் லெஸ்டர் சிட்டி. இங்கிலாந்தின் கால்பந்து கிளப். மேனேஜர் கிளாடியோ ரனியேரி, 1951-ல் ரோம் நகரில் பிறந்தவர். பெட்டியைக் கட்டுவதும் பிரிப்பதுமாகவே வாழ்ந்த மனுஷன். காலியாரி, நாப்போலி, ஃபியோரென்டினா, வாலென்சியா, அட்லெட்டிகோ மாட்ரிட், செல்சி, பார்மா, யுவென்டஸ், ரோமா, இன்டர் மிலான், மொனாக்கோ... மூச்சு வாங்குகிறதா? இத்தனை ஊர் சுற்றியும் எந்த நாட்டிலும் முதல் டிவிஷன் லீக் பட்டம் மட்டும் கைக்கு வரவில்லை. இரண்டாம் இடம் வரும். 2004-ல் செல்சி அணியை லீகில் இரண்டாவது இடத்துக்கும் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதிக்கும் கொண்டுபோனார். போதாது என்று அனுப்பிவிட்டு மொரீன்யோவைக் கொண்டுவந்தார்கள்.

2014-ல் கிரீஸ் தேசிய அணி. நாலே மேட்ச். கடைசியாக ஃபாரோ தீவுகளிடம், அதுவும் சொந்த மண்ணில், தோற்றார்கள். ஃபாரோவின் மொத்த ஜனத்தொகை சுமார் ஐம்பதாயிரம். நம் ஊரில் ஒரு சின்ன நகராட்சி! அடுத்த நாளே சீட்டுக் கிழிந்தது.

இப்படிப்பட்டவரைத்தான் 2015 ஜூலையில் லெஸ்டர் கூப்பிட்டது. ஊரே சிரித்தது. அந்த ஊரில் பிறந்த பழைய நட்சத்திரம் கேரி லினேக்கரே 'இவரா?' என்று கேட்டார். லெஸ்டர் பட்டம் வெல்லும் என்று ஒரு பவுண்டு கட்டினால் ஐயாயிரம் தருகிறோம் என்றார்கள் பந்தயக்காரர்கள்.

ரனியேரி பெரிய மந்திரம் எதுவும் போடவில்லை. ஒரு மேட்சில் எதிரணியை கோல் போட விடாமல் தடுத்தால் பீட்சா வாங்கித் தருகிறேன் என்றார். அக்டோபரில் தடுத்தார்கள். அழைத்துப் போனார். ஆனால், மாவை நீங்களே பிசைந்து சுட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார்! 2016 மே 2-ம் தேதி மனுஷன் ரோமுக்குப் பறந்து, 96 வயது அம்மாவோடு மதியச் சாப்பாடு சாப்பிட்டுத் திரும்பினார். அன்று ராத்திரிதான் லெஸ்டர் சாம்பியன் என்பது உறுதியானது. பத்து பாயின்ட் வித்தியாசத்தில்! டி.வி-யில் உள்ளாடையோடு வந்து நிற்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்த லினேக்கர், அப்படியே வந்து நின்றார்.

அப்புறம் இறக்கம். நடுக்கள ஆட்டத்தின் முதுகெலும்பாக இருந்த கான்டேயைச் செல்சி வாங்கிக்கொண்டு போய்விட்டது. 2017 ஜனவரியில் ஃபிஃபா, சிறந்த பயிற்சியாளர் விருதை ரனியேரியின் கையில் கொடுத்தது. அந்த வருஷம் பிறந்ததிலிருந்து லீகில் லெஸ்டர் ஒரு கோல்கூடப் போடவில்லை. தொடர்ந்து ஐந்து தோல்வி. கீழ் டிவிஷனுக்குத் தள்ளப்படும் இடத்துக்கு ஒரே ஒரு பாயின்ட் மேலே. பிப்ரவரி 23-ம் தேதி அனுப்பிவிட்டார்கள்.

பி.காம். படிக்கும்போது 'குட்வில்' என்று ஒரு பாடம் வரும். ஒரு கம்பெனியை விலைக்கு வாங்கும்போது, அதன் நற்பெயருக்காகக் கூடுதலாகக் கொடுத்த காசைச் சொத்து என்று புத்தகத்தில் எழுதலாம். தானே உழைத்துச் சம்பாதித்த நற்பெயரை எழுதக் கூடாது. நம்பகமாக விலை போட முடியாதாம். என்ன அநியாயம் என்று அப்போது தோன்றியது. ரனியேரிக்கு நடந்ததும் இதுதானே? 5000-க்கு ஒன்று என்பதைச் சாதித்தவரின் பெயரில், பிப்ரவரி மாத பேலன்ஸ் ஷீட்டில் ஒரு பைசா வரவு இல்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். இன்னொரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த நாற்காலி ரனியேரிக்கு எப்படிக் கிடைத்தது?

அவருக்கு முன்னால் நைஜல் பியர்சன் இருந்தார். 2015 ஏப்ரலில் லெஸ்டர் பட்டியலின் அடிமட்டத்தில் கிடந்தது. கடைசி ஒன்பது மேட்சில் ஏழை ஜெயிக்கவைத்துக் காப்பாற்றினார். வார்டி, மாரெஸ் எல்லாம் அவர் காலத்து ஆட்கள். அந்த ஜூன் மாதமே, எங்களுக்கும் அவருக்கும் பார்வை ஒத்துப்போகவில்லை என்று சொல்லி கிளப் அவரை அனுப்பிவிட்டது. நன்றிக்காக பியர்சனை வைத்திருந்தால் ரனியேரி ஏது? அந்தப் பட்டம் ஏது?

ஆக, நன்றி காட்டவில்லை என்று நாம் திட்டுகிற அதே கத்திதான் ரனியேரிக்கும் வழி திறந்துவிட்டது. இன்னொன்றும் பாருங்கள். அணி கீழே போனால் டி.வி. பணம் கோடிக்கணக்கில் போகும். முதலாளி தாங்குவார். டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவர் தாங்குவாரா? ரனியேரிக்குச் செலுத்தும் நன்றியை அவர் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

அனுப்பியதற்குப் பலனும் கிடைத்தது. உதவியாளர் ஷேக்ஸ்பியர் (ஆமாம், அதுதான் பெயர்!) பொறுப்பேற்ற முதல் மேட்சில், நாலு நாள் இடைவெளியில், அதே ஆட்கள் லிவர்பூல் அணிக்கு மூன்று கோல் போட்டார்கள். லீகில் வரிசையாக ஐந்து வெற்றி. பன்னிரண்டாவது இடத்தில் பத்திரமாகக் கரையேறினார்கள். அந்த மூன்று கோல் இத்தனை நாள் எந்தக் காலுக்குள் இருந்தது? வீரர்கள் முதுகில் குத்திவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது. அவர்கள் மறுத்தார்கள். எது எப்படியோ, இருபத்தைந்து பேரைச் சேர்த்து அனுப்ப முடியாது. ஒருத்தரை அனுப்பலாம். அந்த ஷேக்ஸ்பியரும் எட்டு மாதம்கூட நிலைக்கவில்லை, அக்டோபரில் அவருக்கும் கல்தா.

அதனால், அனுப்பியதைத் தப்பு என்று இப்போது நான் சொல்ல மாட்டேன். என் கோபம் வேறு ஒரு தேதி மேல். பிப்ரவரி 7. அன்றுதான், எங்கள் மேனேஜருக்கு எங்கள் அசைக்க முடியாத ஆதரவு உண்டு என்று கிளப் அறிக்கை விட்டது. பதினாறே நாள்! அவரை நாற்காலியில் வைத்திருக்க வேண்டிய கடன் கிளப்புக்கு இல்லாமல் இருக்கலாம். அவரிடம் நிஜத்தைச் சொல்லும் கடன் இருந்தது. அதற்கு ஒரு பவுண்டுகூடச் செலவாகியிருக்காது.

ரனியேரி என்ன செய்தார்? கனவு செத்துவிட்டது என்று ஒரு அறிக்கை. அதிலும் நன்றிதான் அதிகம். திரும்பவும் பெட்டியைக் கட்டினார். நான்ட், ஃபுல்லம், ரோமா, சாம்ப்டோரியா, வாட்ஃபோர்ட். 2023 ஜனவரியில் 71 வயதில் காலியாரிக்கே போனார். 1988-ல் மூன்றாம் டிவிஷனில் எடுத்து, இரண்டே வருஷத்தில் முதல் டிவிஷனுக்கு ஏற்றிவிட்ட அதே பழைய கிளப். இப்போது இரண்டாம் டிவிஷனில் கிடந்தது.

ஜூன் மாதம் பாரி நகரில் கடைசி மேட்ச். டிரா ஆனாலே பாரி மேலே போய்விடும். ஐம்பதாயிரம் பேருக்கு மேல் கூடி, கொண்டாடத் தயாராக இருந்தார்கள். 94-வது நிமிஷத்தில் காலியாரி கோல் போட்டுவிட்டது. மைதானமே உறைந்துபோனது. ரனியேரி அழுதார். தோற்றவர்களைப் பார்த்து காலியாரி ரசிகர்கள் கேலிக் கூச்சல் போட்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கிழவர் அவர்கள் பக்கம் போனார். நிறுத்துங்கள் என்று கை காட்டினார். அதோ, அந்தப் பாரிக்காரர்களுக்குக் கை தட்டுங்கள் என்றார்.