கொழுப்பெடுத்தவள்

“உங்க சைஸுக்கு இல்லக்கா.”

ஜவுளிக்கடைகளில் அன்றாடம் சொல்லப்படும் வாக்கியம் இது. சொல்பவர் பெரும்பாலும் காலையிலிருந்து நின்றுகொண்டே வேலை பார்க்கும் ஓர் இளம்பெண். அவர் குரலில் கேலி இருக்காது. கடையில் ஒரு பொருள் இல்லை என்ற தகவலைத்தான் அவர் சொல்கிறார். ஆனால் கேட்கும் பெண்ணின் காதில் அது வேறொரு வாக்கியமாக விழுகிறது: நீ அளவுக்கு மீறி இருக்கிறாய். குறை துணியில் இருக்கிறது. குற்றவாளியாகத் திரும்பி வருவது உடல். இந்த மாற்றம் எப்படி நடக்கிறது? ஒரு பெண்ணின் உடல் மற்றவர்களுக்கு என்னதான் கடன்பட்டிருக்கிறது?

கறம்பக்குடி போன்ற ஊர்களில் ‘சைஸ்’ என்ற சொல்லுக்கு அதிக வயதாகவில்லை. எங்களுக்கு இருந்தது அளவு ஜாக்கெட். பழைய ஜாக்கெட் ஒன்றைத் தையல்கடையில் கொடுத்தால் போதும். “கை கொஞ்சம் பிடிக்குது, அரை இஞ்சு தளர்த்திக்கங்க” என்று வாயால் ஒரு திருத்தம். தையல்காரர் ஓரத்தில் துணியை உள்ளே மடித்து விட்டு, இரண்டு மூன்று தையல் போட்டுக் கொடுப்பார். பிள்ளை பெற்ற பிறகோ, வயது ஏறியோ உடம்பு வைத்தால் ஒரு தையலைப் பிரித்துக்கொள்ளலாம். இளைத்தால் மறுபடி பிடித்துக்கொள்ளலாம். உடம்பு மாறும் என்பதைத் தைக்கும்போதே ஒப்புக்கொண்ட தொழில் அது. அங்கே யாரும் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. புடவைக்கோ அந்தத் திருத்தமும் தேவைப்படவில்லை. ஐந்தரை மீட்டர் துணி எந்த இடுப்பையும் கேள்வி கேட்பதில்லை.

நான் பழைய காலத்துக்குப் பொன்முலாம் பூச வரவில்லை. புடவை சாதி பார்த்தது. ரவிக்கை அணியும் உரிமைக்கே பெண்கள் போராட வேண்டியிருந்த நிலம் இது. ஆயத்த ஆடை வந்தபோது எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குக் கிடைத்த விடுதலையும் உண்மையானது. சுடிதார் போட்டுத்தான் அவர்கள் சைக்கிள் மிதித்தார்கள், பேருந்தில் ஓடி ஏறினார்கள். ஆனால் அந்த ஆடையோடு ஒரு எண்ணும் வந்தது. எல், எக்ஸெல், டபுள் எக்ஸெல். உடலுக்குத் துணி என்பது மாறி, துணிக்கு உடல் என்றாயிற்று.

அந்த எண்கள் எங்கிருந்து வந்தன? 1939-40இல் அமெரிக்க வேளாண்மைத் துறை ஏறத்தாழ 15,000 பெண்களை, ஒவ்வொருவரிடமும் 59 அளவுகள் வீதம், அளந்தது. பெண்களின் ஆயத்த ஆடைக்குப் பொது அளவு வகுப்பதற்கான முதல் பெரிய முயற்சி. அதன் முடிவுகளில் வெள்ளையினப் பெண்களின் அளவுகள் மட்டுமே சேர்க்கப்பட்டன. இந்தியாவுக்கென்று ஓர் அளவு அட்டவணை இருக்கவில்லை; அமெரிக்க, பிரிட்டன் அட்டவணைகளைச் சற்றே மாற்றித்தான் இங்கே வெட்டினார்கள். 25,000 இந்தியர்களை ஆறு நகரங்களில் முப்பரிமாணக் கருவியால் அளந்து நமக்கென ஓர் அட்டவணை உருவாக்கும் திட்டத்தை மத்திய ஜவுளித் துறையும் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்டும் கையில் எடுத்ததே 2018ஐ ஒட்டித்தான். ஆக, கறம்பக்குடிப் பெண் ஒருத்தி கண்ணாடி முன் நின்று ‘எனக்கு எதுவுமே சேரல’ என்று தன்னை நொந்துகொள்ளும்போது, அவளை ஒருபோதும் அளந்திராத ஓர் அட்டவணையின் முன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இந்த இடத்தில் ஒரு குரல் குறுக்கே வரும். “எல்லாம் சரி, உடம்புக்கு நல்லதில்லையே?” இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் இது 30.9. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் கற்பனை இல்லை. ஆனால் அதே கணக்கெடுப்பு இன்னொன்றையும் சொல்கிறது: 15 முதல் 49 வயதுக்குட்பட்ட தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எடை கூடியிருக்கும், ரத்தம் குறைந்திருக்கும். சோறு வயிற்றை நிரப்பியது; காயும் பருப்பும் முட்டையும் பந்தியில் முதலில் உட்கார்ந்தவர்களோடு முடிந்துபோயின. மிஞ்சியதை வீணாக்காமல் தின்பதும் வீட்டுவேலைதான் நமக்கு.

அதிக எடை என்று சொல்லப் பயன்படும் உடல் நிறை குறியீட்டுக்கும் ஒரு கதை உண்டு. 1830களில் பெல்ஜியத்தைச் சேர்ந்த கேத்தலே என்ற கணித, வானியல் அறிஞர், மக்கள்தொகையில் சராசரி மனிதனைத் தேடி உருவாக்கிய கணக்கு அது. ஒரு தனி மனிதரின் நோயைக் கண்டுபிடிக்க அவர் அதைச் செய்யவில்லை. 1972இல்தான் ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார். கூட்டத்தைக் கணக்கிட அது உதவும். எதிரே நிற்கும் ஒருத்தியின் ஒழுக்கத்தையோ சோம்பலையோ அளக்க உதவாது.

சரி, ஒருத்தி நோயாளியாகவே இருக்கட்டும். நோயாளிக்குத் துணி வேண்டாமா? காய்ச்சல்காரருக்குப் போர்வை தருமுன் “எப்படி வந்தது?” என்று விசாரணை வைப்போமா? உடல்நலம் என்பது மருத்துவருக்கும் அவளுக்கும் இடையிலான பேச்சு. பொருந்தும் ஆடை, உட்காரப் போதுமான நாற்காலி, கேலியின்றி நடக்க ஒரு தெரு என்பவை அந்தப் பேச்சின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியவை இல்லை.

“உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்” என்பவர்களுக்கு ஒரு சோதனை வைக்கலாம். அக்கறை உண்மையானால் அதில் சொல்பவருக்கும் ஏதாவது செலவு இருக்கும். காலையில் நாற்பது நிமிடம் அவள் நடந்துவிட்டு வர, அடுப்பை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? இருட்டு விலகாத நேரத்தில் புதுக்கோட்டைச் சாலையிலோ பட்டுக்கோட்டைச் சாலையிலோ ஒரு பெண் தனியாக நடந்தால், அடுத்த நாள் ஊர் என்ன பேசும்? தைராய்டுக்குப் பரிசோதனை எடுக்க வீட்டில் யார் பணம் எடுத்து வைக்கிறார்கள்? இந்த மூன்றில் ஒன்றைக்கூடச் செய்யாமல் வருகிற அறிவுரைக்கு அக்கறை என்று பெயரில்லை. அது உரிமை கொண்டாடுவது.

இந்த உரிமை கொண்டாடலுக்கு நம் இலக்கியத்தில் நீண்ட வரலாறு இருக்கிறது. சங்க அகப்பாடல்களில் பெண்ணின் தோள் மூங்கிலைப் போலப் பருத்தது, பணைத்தோள் அழகு. தலைவன் பிரிந்தால் தோள் மெலியும், வளை கழலும், பசலை படரும். திருக்குறளில் இதற்கென்றே ஓர் அதிகாரம் உண்டு: 124ஆவது, உறுப்புநலன் அழிதல். அங்கே மெலிவு அழகாகாது, அது இழப்பு. எங்கள் ஊர்க் கிழவிகள் இன்றும் “என்னாத்தா இப்புடி எளைச்சுப்போயிட்ட?” என்று கேட்பது அந்த மரபின் மிச்சம்தான். ‘புகுந்த வீட்டில் சோறு போடுகிறார்களா?’ என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது.

இதை வைத்து, தமிழர் பருமனைக் கொண்டாடியவர்கள் என்று முடிவுகட்ட என்னால் முடியவில்லை. அதே பாடல்கள் இடையை மட்டும் ஒடுக்கின. பிற்காலப் பாதாதிகேச வருணனைகளில் இடை இருக்கிறதா இல்லையா என்று ஐயப்படும் அளவுக்குத் தேய்ந்துபோனது. தோள் பருக்க வேண்டும், இடை மறைய வேண்டும். அந்த உடலில் எந்த இடத்தில் எவ்வளவு சதை என்பதைப் பார்ப்பவரின் கண் பங்கிட்டுக் கொடுத்தது. மெலிந்தாலும் அது தலைவனைப் பற்றிய செய்தி. அவள் உடல் அவளைப் பற்றி மட்டும் பேசிய பாடல்கள் குறைவு.

தொண்ணூறுகளில் தமிழ்நாடு ஒரு பூசினாற்போன்ற உடலைக் கொண்டாடியது. குஷ்புவுக்குத் திருச்சியில் ரசிகர்கள் கோயில் கட்டினார்கள். மெத்தென்ற இட்லிக்கு அவர் பெயர் வந்தது. அதே குஷ்பு 2005இல் திருமணத்துக்கு முந்தைய பாலுறவு பற்றி ஒரு பத்திரிகையில் கருத்துச் சொன்னார். துடைப்பமும் செருப்பும் ஏந்தி ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் பாய்ந்தன. உச்ச நீதிமன்றம் 2010 ஏப்ரலில் அவற்றைத் தள்ளுபடி செய்யும்வரை அவர் அலைய வேண்டியிருந்தது. இட்லி பேசாது. பேசியதுதான் குற்றமாயிற்று.

தமிழில் ‘கொழுப்பு’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். உடலில் சேரும் கொழுப்பு ஒன்று, அடங்காத்தனம் இன்னொன்று. ‘வாய்க்கொழுப்பு’, ‘உடம்பெல்லாம் கொழுப்பு’, ‘கொழுப்பெடுத்தவ’. ஆணையும் இப்படித் திட்டுவதுண்டு. ஆனால் பெண்ணை நோக்கி வரும்போது இரண்டு பொருளும் ஒன்றாகிவிடுகின்றன. இடத்தை அடைப்பவளும் எதிர்த்துப் பேசுபவளும் ஒரே குற்றத்தைச் செய்கிறார்கள்: தனக்கென்று ஒதுக்கப்பட்டதைவிட அதிகமாக எடுத்துக்கொள்கிறார்கள். ‘குறைத்துக்கொள்’ என்ற கட்டளை எடைக்கும் குரலுக்கும் சேர்த்தே பிறப்பிக்கப்படுகிறது.

2025 நவம்பரில் சென்னையில் நடந்ததை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். ‘அதர்ஸ்’ படத்தில் நாயகன் கௌரி கிஷனைத் தூக்கும் காட்சியை வைத்து, நாயகியின் எடை என்ன என்று ஒரு யூடியூபர் கேட்டிருந்தார். அடுத்த சந்திப்பில் கௌரி அதை உருவக்கேலி என்று நேருக்கு நேர் சொன்னபோது, கேட்டவர் குரலை உயர்த்தித் தன் கேள்வியை நியாயப்படுத்தினார். மேடையில் உடனிருந்த ஆண்கள் மௌனமாக இருந்தார்கள். பிறகு நடிகர் அமைப்புகளும் சென்னைப் பத்திரிகையாளர் மன்றமும் கண்டித்தன; கேட்டவர் வருத்தம் தெரிவித்தார்; கௌரி அதை ஏற்கவில்லை. கௌரி பருமனானவரும் இல்லை. இத்தனை கிலோவுக்குக் கீழே போனால் கேள்வி நிற்கும் என்று ஓர் எல்லை எங்கும் கிடையாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். எடையைக் குறைத்து இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது.

கேட்பவர்கள் ஆண்கள் மட்டும் என்றும் எழுதிவிட முடியாது. 2024இல் கேரள உயர் நீதிமன்றம், புகுந்த வீட்டில் உருவக்கேலி செய்வது இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவின் கீழ் வரும் கொடுமையாகலாம் என்றது. அந்த வழக்கில் ‘உடல்வாகு சரியில்லை, தம்பிக்கு இதைவிட நல்ல பெண் கிடைத்திருக்கும்’ என்ற பொருளில் பேசியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் கணவருடைய அண்ணன் மனைவி. அளவுகோலை எழுதியவர்கள் யாராக இருந்தாலும், அதைத் தினமும் துடைத்து வைப்பதில் நமக்கும் பங்கு இருக்கிறது.

இதற்கெல்லாம் விடையாக இப்போது ‘பிளஸ் சைஸ்’ ஃபேஷன் வந்திருக்கிறது. 2016இல் மும்பை லாக்மே ஃபேஷன் வீக் மேடையில் பருமனான பெண்களும் ஆண்களும் நடந்தார்கள். இன்று ஏராளமான பெண்கள் தங்கள் தொடையையும் வயிற்றையும் மறைக்காமல் உடுத்திப் படம் போடுகிறார்கள். இதை நான் வரவேற்கிறேன். தன்னைப் போன்ற ஓர் உடல் மஞ்சள் கவுனில் சிரிப்பதைப் பார்க்கும் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அது என்ன செய்யும் என்பதை வகுப்பறையில் பார்க்கிறேன்.

எனக்குத் தயக்கம் அந்த மேடையின் வாசகத்தில்தான்: ‘நீயும் அழகு.’ அழகு என்ற தேர்வைக் கலைக்காமல், தேர்ச்சி மதிப்பெண்ணை மட்டும் அது தளர்த்துகிறது. அங்கேயும் தட்டையான வயிறும் ஒடுங்கிய இடையும் கொண்ட ‘பெரிய’ உடல்களே முன்வரிசையில் நிற்கின்றன. விலைச்சீட்டைப் பார்த்தால் எங்கள் ஊர்ப் பெண்ணின் ஒரு வாரக் கூலி. 1973இல் அமெரிக்காவில் ‘கொழுத்த உடல்களின் விடுதலை’ அறிக்கையை எழுதிய ஜூடி ஃப்ரீஸ்பிரிட்டும் ஆல்டெபரனும் மனிதர்களுக்குரிய மரியாதையையும் சம உரிமையையும் கேட்டார்கள். எடைக்குறைப்பு வியாபாரத்தை எதிரி என்று பெயர் சொல்லி அழைத்தார்கள். அந்தக் கோரிக்கைதான் எனக்கு நெருக்கமானது. ஆடை கிடைக்க ஒருத்தி அழகாக இருக்கத் தேவையில்லை. தன் உடம்பை அவள் நேசிக்கக்கூடத் தேவையில்லை. மூட்டுவலி வந்த நாளில் அதன்மேல் கோபப்படவும் அவளுக்கு உரிமை உண்டு.

நம்மூர்ப் பெண்கள் இதைக் கோட்பாடு இல்லாமலே நடைமுறைப்படுத்தியிருக்கிறார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும்போது புடவைக்கு மேல் கணவனின் சட்டையை மாட்டிக்கொள்கிறார்கள். வெயிலும் முள்ளும்தான் அங்கே கணக்கு. வீட்டில் நைட்டி. எந்த உடம்பும் நுழையும், பால் கொடுக்க வசதி, மூச்சு முட்டாது. இத்தனை வசதியான ஓர் உடை கேலிக்கு ஆளானதில் வியப்பில்லை. 2018இல் ஆந்திரத்தின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் தோகலபள்ளி கிராமத்துப் பெரியவர்கள் பகலில் நைட்டி அணிந்து வெளியே வந்தால் 2,000 ரூபாய் அபராதம் என்று விதித்தார்கள். யாருக்கும் அழகு காட்டாத, யாருக்கும் கணக்குச் சொல்லாத ஓர் உடை தெருவுக்கு வந்தால் ஏன் இவ்வளவு பதற்றம் என்று யோசிக்க வேண்டும்.

எனவே என் மாணவிகளிடம் ‘உன் உடம்பை நேசி’ என்று நான் சொல்வதில்லை. அது இன்னொரு வீட்டுப்பாடம். கடையில் ‘உங்க சைஸுக்கு இல்ல’ என்றால், “அப்ப எங்க சைஸ் எப்ப வரும்? முதலாளிகிட்டச் சொல்லி வைங்க” என்று கேட்கச் சொல்கிறேன். கல்லூரி மேசைநாற்காலி இடிக்கிறதென்றால் விண்ணப்பம் எழுதச் சொல்கிறேன். கல்யாண வீட்டில் ஒருத்தியைப் பார்த்ததும் நம் வாயில் முதலில் வருவது அவள் எடையாக இருந்தால், அதை விழுங்கிவிட்டு ‘என்ன படிக்கிற?’ என்று கேட்கப் பழகலாம். இப்படிக் கேட்பவளைக் கொழுப்பெடுத்தவள் என்பார்கள். என்று வைத்துக்கொள்ளட்டும். அந்தச் சொல்லின் இரண்டு பொருளையும் ஏற்றுக்கொண்டு நின்றால், அதை வைத்து நம்மை அதட்ட அவர்களிடம் பிறகு ஒன்றும் மிஞ்சாது.