நாற்பது பேருக்கு மண்டபம் எதற்கு?

"முகூர்த்த நாளா? எத்தனை பேரு?"

"முகூர்த்தமெல்லாம் பார்க்கலைங்க. ஒரு நாற்பது பேரு வருவாங்க."

ஓசூரில் ஒரு மண்டபத்து மேலாளர் டைரியை மூடுகிறார். "கட்டுப்படியாகாதுப்பா."

கட்டுப்படியானால் மட்டும் என்ன? வாடகைக்கு மேல் ஜெனரேட்டருக்கு டீசல் தனி, பாத்திரம் தனி, சிலிண்டர் தனி, கூட்டிப் பெருக்கத் தனி. சிப்காட்டில் நைட் ஷிப்டு பார்த்துச் சேர்த்த காசு ஒரே பகலில் கரைந்துவிடும். வாசலில் பைக்கைப் பிடித்தபடி இருவரும் நிற்கிறீர்கள். "நமக்கு இந்த ஊரில் இடமே இல்லையா?"

தம்பி, தங்கை, தலையை நிமிர்த்துங்கள்! இடம் இல்லாமல் நீங்கள் நிற்கவில்லை. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று நிற்கிறீர்கள்.

பக்கத்தில்தான் தொரப்பள்ளி. 1878-இல் ராஜாஜி பிறந்த ஊர்; பிறந்த வீடு இன்று நினைவு இல்லம். ஒருமுறை போய்ப் பாருங்கள். அவருடைய மகள் லட்சுமியும் காந்தியின் மகன் தேவதாஸும் காதலித்தார்கள். சாதி வேறு, மொழி வேறு, மாகாணம் வேறு. "ஐந்து ஆண்டு ஒருவரையொருவர் பார்க்காமல் காத்திருங்கள்" என்றார்கள் இரண்டு தகப்பன்மாரும். காத்திருந்தார்கள். 1933 ஜூன் 16, புனே. 21 நாள் உண்ணாவிரதம் முடித்து மூன்று வாரம்கூட ஆகாத காந்தி உடம்பு தேறிக்கொண்டிருந்த பர்ணகுடி என்ற வீட்டிலேயே கல்யாணம் எளிமையாக நடந்தது. அது அவர் வீடும் அல்ல, ராஜாஜி வீடும் அல்ல. தாக்கர்சி குடும்பத்தாரின் வீடு. நாடறிந்த இரண்டு தலைவர்களுக்கு இன்னொருவர் வீடு போதுமானதாக இருந்தது. உங்களுக்குப் போதாதா?

ஜூஜூவாடியைத் தாண்டினால் கன்னட நாடு. அங்கே கவிஞர் குவெம்பு, 1966-இல் தன் மகன் தேஜஸ்வியின் கல்யாணத்தை 'மந்திர மாங்கல்யம்' என்ற எளிய முறையில் நடத்திக் காட்டினார். எல்லைக்கு இந்தப் பக்கமும் துணிந்தவர்கள் உண்டு, அந்தப் பக்கமும் உண்டு.

சட்டம்? அது உங்கள் பக்கம்! இருவரும் இந்து என்றால், இந்து திருமணச் சட்டத்தில் 1967-இல் அண்ணா ஆட்சி கொண்டுவந்த 7ஏ பிரிவு இருக்கிறது. புரோகிதர் வேண்டாம். உறவினரோ நண்பர்களோ முன்னிருக்க, மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். அல்லது உங்களுக்குப் புரியும் மொழியில் 'ஏற்கிறேன்' என்று சொன்னாலே போதும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடையில் பேசும் ஊருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

மதம் வேறா? 1954-இன் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. இருவரில் ஒருவராவது 30 நாள் குடியிருந்த மாவட்டத்தில் நோட்டீஸ் கொடுங்கள். ஆட்சேபம் வராமல் 30 நாள் கடந்தால் மூன்று சாட்சிகள் போதும். அலுவலகத்தில்தான் நடக்க வேண்டும் என்பதும் இல்லை. கூடுதல் கட்டணம் கட்டினால், நியாயமான தூரத்துக்குள் நீங்கள் சொல்லும் இடத்துக்குத் திருமண அலுவலரே வருவதற்குச் சட்டம் வழி விட்டிருக்கிறது. அந்த இடம் உங்கள் மொட்டை மாடியாக இருக்கட்டுமே!

ஆகவே கிளம்புங்கள். இன்று சாயங்காலமே மாடியை அளந்து பாருங்கள். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் மறுத்தால் நண்பனின் களத்துமேட்டைக் கேளுங்கள். ஒரு ஷாமியானா, நாற்பது நாற்காலி, வாழையிலைச் சாப்பாடு. மிச்சப்படும் காசு முதல் மாத வீட்டு அட்வான்ஸ். கடனில்லாத முதல் காலை.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். மாலையின் ஈரம் காய்வதற்குள் சார்பதிவாளர் அலுவலகம் போய்ப் பதிவு செய்துவிடுங்கள். மண்டபம் கட்டாயம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பதிவு கட்டாயம் என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.