ஒப்பனை வேண்டாத முகம்

கொட்டகையிலே விளக்குகள் அணைகின்றன. வெள்ளித்திரையிலே இருள் கவிந்த ஓர் இடம். சுவரிலே ஒரு நிழல் ஊர்கிறது. முகம் தெரியவில்லை, தெரியவிடாமல் மறைத்து வைத்திருக்கிறார் இயக்குநர். முதுகெலும்பு முறிக்கப்பட்ட பிணங்கள் ஒவ்வொன்றாய் விழுகின்றன. இறுதிக் கட்டத்திலேதான் அந்த முகம் வெளிச்சத்திற்கு வருகிறது. நீண்டு தொங்கும் தாடை, புடைத்தெழுந்த புருவம், பருத்த மூக்கு, தடித்த இதழ். காண்போர் திடுக்கிடுகின்றனர். 'இவன்தான் கொலைகாரன்! முகத்தைப் பார்த்தாலே தெரியவில்லையா?' என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். வழக்கில்லை, வாதமில்லை, சாட்சியில்லை. முகமே குற்றப்பத்திரிகை, முகமே தண்டனை!

1944ஆம் ஆண்டு வெளிவந்த அந்தப் படத்தின் பெயர் 'தி பெர்ல் ஆஃப் டெத்'. ஷெர்லக் ஹோம்ஸ் துப்பறியும் படங்களில் ஒன்று. அந்த முகத்துக்குரியவர் ராண்டோ ஹேட்டன் என்னும் அமெரிக்க நடிகர். அவரைக் கண்டு உலகம் அஞ்சிய கதையைச் சொல்லி, ஒரு கேள்வியைக் கேட்க விரும்புகின்றோம். முகத்தைக் கொண்டு நெஞ்சத்தை அளக்கும் உரிமையை நமக்கு யார் தந்தது?

திகில் படம் எடுப்பதே தீமை என்று கூறுவோர் அல்லர் நாம். அச்சமும் மனித உணர்ச்சிகளில் ஒன்று. அதைக் கலையாக்குவதில் குற்றமில்லை. 1931ஆம் ஆண்டு வந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தில் உயிர்பெற்ற பிணமாய் நடந்து வந்து உலகையே நடுங்க வைத்தார் போரிஸ் கார்லாஃப். 1887இல் இலண்டனில் பிறந்த வில்லியம் ஹென்றி பிராட் என்பாரே அவர். ஜாக் பியர்ஸ் என்ற ஒப்பனைக் கலைஞர் நாள்தோறும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் பாடுபட்டு அந்தக் கோர முகத்தை அவர்மீது கட்டினார். படப்பிடிப்பு முடிந்ததும் அது களையப்பட்டது. களைந்த பின்னர்க் கார்லாஃப் யார்? நேரங்காலமின்றி வேலை வாங்கிய பட முதலாளிகளிடம் நடிகர்களின் உரிமையைக் கேட்க 1933இல் தோன்றிய திரைப்பட நடிகர் சங்கத்தின் முன்னோடிகளில் ஒருவர்! குழந்தைகளுக்குக் கதை சொல்லிக் களிப்பூட்டியவர்! திரையிலே பேய், தெருவிலே பண்பாளர். ஒப்பனை கலைந்ததும் உலகம் அவரை மனிதராகவே நடத்திற்று.

ஹேட்டனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் முகம் மாலையிலே கழற்றி வைக்கக்கூடிய முகம் அன்று.

1894ஆம் ஆண்டு மேரிலாந்து மாநிலத்து ஹேகர்ஸ்டவுன் நகரில் பிறந்தவர் அவர். பெற்றோர் ஆசிரியத் தொழில் புரிந்தவர்கள். புளோரிடாவின் தாம்பா நகரில் வளர்ந்தார். பள்ளியிலே கால்பந்தாட்ட வீரராய் விளங்கினார். முதல் உலகப் போரில் பிரான்சு நாட்டுக்குச் சென்று படைவீரராய்ப் பணியாற்றினார். திரும்பிவந்து தாம்பா நாளேட்டில் செய்தியாளரானார். ஆடிய கால், போரிட்ட கை, எழுதிய பேனா - இவற்றில் எதிலே இருக்கிறது கொடுமை?

இளமை கடந்து வந்த நோய்தான் அவர் முகத்தை மாற்றியது. அக்ரோமெகலி என்பது அதன் பெயர். மூளையின் அடியிலே பட்டாணி அளவில் இருப்பது பிட்யூட்டரி சுரப்பி. அதிலே தோன்றும் கட்டி, வளர்ச்சிக்குரிய சுரப்பை அளவுக்கு மீறிப் பெருக்கிவிடுகிறது. உயரம் கூடும் பருவம் முடிந்துவிட்ட உடலிலே அந்த மிகை, தாடையையும் புருவத்தையும் கைகளையும் பாதங்களையும் பெருக்கச் செய்கிறது, இதயத்தையும் கெடுக்கிறது. 1886ஆம் ஆண்டு பிரெஞ்சு மருத்துவர் பியர் மாரி இந்நோயை ஆராய்ந்து பெயரிட்டார். இன்று அறுவை முறையும் அந்தச் சுரப்பை அடக்கும் மருந்துகளும் இருக்கின்றன. அந்த மருந்துகள் ஹேட்டன் நாளிலே கிடையா. போர்க்களத்து நச்சுப் புகையால் வந்த விளைவு இது என்று படக் கம்பெனி பறைசாற்றியது. நம் நாட்டார் சிலர் கேட்டிருந்தால் முற்பிறவிப் பாவம் என்று முடித்திருப்பர். புகையும் அன்று, பாவமும் அன்று. ஒரு சிறு சுரப்பியில் முளைத்த ஒரு சிறு கட்டி. அவ்வளவே!

1930ஆம் ஆண்டு வெளிவந்த 'ஹெல் ஹார்பர்' என்ற படம் தாம்பாவிலே எடுக்கப்பட்டது. செய்தி திரட்டச் சென்ற ஹேட்டனைக் கண்ட இயக்குநர் ஹென்றி கிங், அவருக்கு ஒரு சிறு வேடம் தந்தார். எழுதப் போனவரின் எழுத்தைப் பார்க்கவில்லை படவுலகம், முகத்தைப் பார்த்தது. 1936இல் அவர் ஹாலிவுட்டில் குடியேறினார். 1939ஆம் ஆண்டு வந்த 'தி ஹன்ச்பேக் ஆஃப் நாட்டர் டேம்' படத்திலே ஒரு காட்சி. அழகற்றவர்களுக்குள் அழகற்றவர் யார் என்று போட்டி வைக்கிறார்கள். போட்டியாளருள் ஒருவராய் நிற்கிறார் ஹேட்டன். வெற்றி, முகமெல்லாம் ஒப்பனை அப்பிய சார்லஸ் லாட்டனுக்கு! நோய் தந்த முகம் தோற்றது. பசை தந்த முகம் வென்றது. லாட்டன் அந்த முகத்தைப் படப்பிடிப்புத் தளத்திலேயே விட்டுவிட்டுப் போனார். தோற்றவரோ தம் முகத்தோடுதான் வீடு திரும்பினார்.

1944க்குப் பின் யூனிவர்சல் கம்பெனி அவரைத் திகில் நடிகராக்கியது. ஒப்பனையே வேண்டாத கோர உருவம் என்பதே விளம்பரம். ஒப்பனைக்காரரின் திறமை விற்ற இடத்திலே ஒரு நோயாளியின் நோய் விற்பனைக்கு வந்தது. 'தி புரூட் மேன்' படத்தின் கதையைக் கேளுங்கள். கல்லூரிக் கால்பந்தாட்டத்தில் புகழ்பெற்ற அழகிய இளைஞன். ஆய்வுக்கூட விபத்தொன்றிலே முகம் சிதைகிறது. முகம் சிதைந்ததும் கொலைகாரனாகிவிடுகிறான். பந்தாடிய இளைஞராய் இருந்து முகம் மாறிப்போன ஹேட்டனைக் கொண்டே இதனை நடிக்க வைத்தார்கள். வாழ்க்கையை எடுத்துக்கொண்டார்கள், கொலைகளை மட்டும் தங்கள் பங்குக்குச் சேர்த்தார்கள்.

அந்தப் படத்தை அவர் திரையில் காணவில்லை. 1946 பிப்ரவரி 2ஆம் நாள், 51ஆம் வயதிலே, மாரடைப்பால் மறைந்தார். படத்துக்கு முகம் தந்த அதே நோய்தான் இதயத்தை நிறுத்தியது. 'ஹவுஸ் ஆஃப் ஹாரர்ஸ்', 'தி புரூட் மேன்' இரண்டும் அவர் மறைவுக்குப் பின்னரே வெளிவந்தன. பின்னதை யூனிவர்சல் கம்பெனி வேறொரு சிறிய கம்பெனிக்கு விற்றுவிட்டது.

"அவர் விரும்பித்தானே நடித்தார்? கூலி பெற்றாரே!" என்று கேட்போர் உண்டு. உண்மைதான். தாம் தேர்ந்தெடுக்காத முகத்தைக் கொண்டு உழைத்துப் பிழைத்தார். அதிலே இழிவு எதுவுமில்லை. அவரை நாம் குறை கூறவில்லை. வினா நம்மை நோக்கியது. அவர் வந்து நின்ற மாத்திரத்திலே கொலைகாரன் என்று நம்பினோமே, அந்த நம்பிக்கை நமக்கு எங்கிருந்து வந்தது? அது நம்மிடம் முன்பே இருந்ததால்தானே பட முதலாளி அதனை விலை பேச முடிந்தது?

இந்த மூடநம்பிக்கைக்கு ஒரு காலத்திலே விஞ்ஞான வேடமும் இட்டார்கள். 1876ஆம் ஆண்டு இத்தாலி நாட்டு மருத்துவர் செசாரே லொம்புரோசோ, குற்றவாளிகள் பிறவியிலேயே அமைகிறார்கள், பெரிய தாடையும் புடைத்த புருவமும் அவர்களுக்கு அடையாளம் என்று நூல் எழுதினார். படித்தவர்கள் பாராட்டினார்கள். இங்கிலாந்துச் சிறை மருத்துவர் சார்லஸ் கோரிங் ஏறத்தாழ 3000 கைதிகளை அளந்து, மற்ற மக்களோடு ஒப்பிட்டு, அப்படியொரு தனி உடலமைப்புக் குற்றவாளிகளுக்கு இல்லை என்று 1913இல் வெளியிட்டார். அளவுகோல் பொய்யென்று மெய்ப்பித்த பிறகும், கொட்டகைக்குள்ளே லொம்புரோசோவின் ஆட்சி ஓயவில்லை!

"நாடகத்துக்கு ஓர் அடையாளம் வேண்டாமா? தீயவனைப் பார்த்ததும் மக்கள் புரிந்துகொள்ள வேண்டாமா?" என்பது அடுத்த வாதம். வேண்டும் என்று எவர் சொன்னது? 1931இல் ஜெர்மனியிலே ஃபிரிட்ஸ் லாங் 'எம்' என்ற படம் எடுத்தார். குழந்தைகளைக் கொல்லும் கொடியோனாய் அதிலே வந்தவர் பீட்டர் லோரே. உருண்டை முகம், அகன்ற கண்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளை போன்ற தோற்றம். அந்தப் படம் தந்த அச்சத்தை ஆயிரம் கோரைப்பற்கள் தர முடியவில்லை. காரணம், அதுவே உண்மைக்கு நெருங்கியது. இலட்சக்கணக்கான யூத மக்களைக் கொலைக்களங்களுக்கு இரயில் ஏற்றி அனுப்பிய ஐக்மன், 1961ஆம் ஆண்டு ஜெருசலேம் வழக்கு மன்றத்தில் எப்படி நின்றான்? மூக்குக் கண்ணாடி அணிந்த ஓர் அலுவலக எழுத்தன் போலவே நின்றான்! கோரமுகத்தையே தேடிக்கொண்டிருக்கும் சமுதாயம், கோட்டும் கண்ணாடியும் அணிந்து வரும் கொடியோனுக்கு வணக்கம் செலுத்தி வழிவிட்டுவிடும். நல்லவரைத் துன்புறுத்துவது ஒரு தீங்கு. தீயவரைத் தப்பவிடுவது மற்றொரு தீங்கு. ஒரே மடமைக்கு இரண்டு விளைவுகள்.

இந்த உண்மையை ஃபிராங்கன்ஸ்டைன் கதையை முதன்முதலில் எழுதிய மேரி ஷெல்லி 1818ஆம் ஆண்டிலேயே உணர்ந்திருந்தார். அவர் நாவலிலே அந்த உருவம் பிறக்கும்போது கொடியது அன்று. ஆற்றிலே மூழ்கும் பெண்ணொருத்தியைக் காப்பாற்றுகிறது. அதற்குப் பரிசாய்த் துப்பாக்கிக் குண்டு பெறுகிறது. முகத்தைக் கண்டு விரட்டினார்கள். விரட்ட விரட்டக் கொடுமை வளர்ந்தது. பூதத்தைப் படைத்தவன் ஒருவன். அதைக் கொலைகாரனாக்கியது ஊர்.

இவ்வளவும் கடல் கடந்த கதைதானே என்று ஆறுதல் கொள்ள நமக்கு வழியில்லை. உருவம் கண்டு எள்ளாதே என்று வள்ளுவர் அறிவுறுத்திய நாட்டிலேதான், பகைவரெல்லாம் அரக்கர், அரக்கரெல்லாம் கரியர், கரியரெல்லாம் கொடியர் என்று புராணம் பாடினார்கள். அந்தப் புராணங்களைக் கண்டித்து மேடையேறிப் பேசியவர்கள் நாம். பேசியவர் கை தூயதா?

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகின்றோம். புராண நாடகம் வேண்டாம் என்று மறுத்து, பள்ளி ஆண்டு விழாவுக்குச் சமுதாய நாடகம் ஒன்றை நாமே எழுதினோம். ஏழை உழவரை அடித்து விரட்டும் அடியாள் வேடம் ஒன்று அதில் உண்டு. அதற்கு ஒரு மாணவனை நொடிப்பொழுதில் தேர்ந்தெடுத்தோம். கரிய மேனி, பெரிய உடல், முன் தள்ளிய பல். வகுப்பிலே அவனைவிட அமைதியானவன் இல்லை. விழா மாலையில் மற்றப் பிள்ளைகளுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தபோது அவன் அருகில் வந்து, "எனக்கு ஐயா?" என்று கேட்டான். "உனக்கு எதற்கடா ஒப்பனை?" என்றோம். பிள்ளைகள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நாடகம் வெற்றி என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

பின்னொரு நாள் ஹேட்டனின் வரலாற்றைப் படித்தபோதுதான், படக் கம்பெனியின் விளம்பர வாசகத்தை நம் வாயாலேயே ஒரு சிறுவனுக்குச் சொல்லியிருக்கின்றோம் என்பது விளங்கியது. அந்த முதலாளிக்கேனும் இலாபம் இருந்தது. நமக்கு என்ன இருந்தது? பழக்கம். சிந்திக்காத பழக்கம். அந்தப் பிள்ளை சிரித்தானே, அது ஒப்புதல் என்று அன்று எண்ணினோம். எல்லோரும் சிரிக்கையில் தான் மட்டும் அழ முடியாதவன் வேறென்ன செய்வான்?

2002ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவிலே திகில் திரைப்படத் துறையில் நற்பணி ஆற்றுவோர்க்கு ஹேட்டன் பெயரால் ஆண்டுதோறும் விருது வழங்குகின்றனர். 'ஹவுஸ் ஆஃப் ஹாரர்ஸ்' படத்திலே சிற்பி ஒருவன் அவர் முகத்தைச் சிலையாய் வடிக்கிறான். அந்தத் தலைச் சிலையின் வடிவமே பரிசு. அஞ்சி விலகிய முகத்தை இன்று பெருமையோடு அலமாரியில் வைக்கிறார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் சிலைக்குச் செய்யும் சிறப்பு, சிலையானவருக்குப் போய்ச் சேராது. உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டிய நீதி அது.

ஆகவே இந்த ஆண்டு நாடகத்துக்கு வேறொரு முறை வகுத்திருக்கின்றோம். பிள்ளைகள் திரைக்குப் பின்னால் நின்று வசனம் படிப்பார்கள்; குரலை மட்டும் கேட்டு வேடம் பகிர்ந்தளிக்கப்படும். அந்த மாணவனுக்கு எந்த வேடம் கிடைக்குமோ, நாமறியோம். கொடியோன் வேடமே மீண்டும் கிடைத்தாலும் கிடைக்கலாம். கிடைத்தால், மற்றவர்களுக்குப் பூசுவது போலவே அவன் முகத்திலும் வண்ணம் பூசுவோம். நாடகம் முடிந்ததும் அவனும் அதைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போகட்டும்.