கல்விப் பயனும் தலைக்குரிய செலவும்: ஓர் அறநோக்கு

பள்ளியொன்றின் கல்வித்தரத்தை, அப்பள்ளி ஒரு மாணவருக்குச் செலவிடும் தொகையோடு ஒப்பிட்டு அளக்கும் வழக்கம் பல நாடுகளின் கல்வி ஆட்சியில் இடம்பெற்றுள்ளது. தேர்ச்சியைச் செலவால் வகுத்துப் பெறும் ஈவே பள்ளியின் திறன் எனக் கொள்ளப்படுகிறது. பொருளியலார் இதனை நெடுங்காலமாக விவாதித்து வருகின்றனர். அவ்வகுத்தலினுள் அடங்கியிருக்கும் அறச்சிக்கலை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்தகைய அளவீடே தகாதது என ஒதுக்கிவிட இயலாது. அரசு செலவிடுவது மக்களின் வரிப்பணம். தீப்பெட்டி வாங்கும் கூலித்தொழிலாளியும் அவ்வரியைச் செலுத்துகிறார். ஆசிரியர் வாராத வகுப்பறைக்கு ஊதியம் வழங்கப்படுமாயின், இழப்பு கருவூலத்திற்கு மட்டுமன்று, அவ்வறையில் அமர்ந்திருக்கும் குழந்தைக்குமாகும். ஆகவே, செலவிட்ட பணத்தால் விளைந்தது யாது என்னும் வினா அறத்தின்பாற்பட்டதே. அவ்வினா பள்ளிகளையும் குழந்தைகளையும் தரவரிசைப்படுத்தும் கருவியாக மாறும்போதுதான் சிக்கல் தோன்றுகிறது.

இம்மாற்றத்திற்கு வரலாறு ஒரு தெளிவான சான்றினைத் தருகிறது. 1862இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ கொண்டுவந்த திருத்த விதித்தொகுப்பு, பள்ளிகளுக்கான நிதியுதவியைத் தேர்வு முடிவோடு பிணைத்தது. மாணவரின் வருகைக்கு 4 ஷில்லிங். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் தேறினால் மேலும் 8 ஷில்லிங். ஒன்றில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் குறைந்துவிடும். இனிக் கல்வி மலிவாக இராவிடில் திறமுடையதாக இருக்கும், திறமுடையதாக இராவிடில் மலிவாக இருக்கும் என்பது லோ நாடாளுமன்றத்தில் அளித்த உறுதி. கவிஞரும் பள்ளி ஆய்வாளருமாகிய மாத்யூ ஆர்னால்டு இதனைக் கடுமையாக எதிர்த்தார். குழந்தைகள் பாடநூலைப் பொருளுணராமல் நெட்டுருச் செய்து ஆய்வாளர்முன் ஒப்பிப்பதை அவர் நேரிற் கண்டவர். நன்னூல் கிளியை இடைமாணாக்கருக்கே உவமையாக்கியது. லோவின் விதித்தொகுப்போ அதனைத் தலைமாணாக்கராக உயர்த்திவிட்டது எனலாம்.

சென்னை மாகாணப் பள்ளிகளும் இம்முறைக்கு உள்ளாயின. 1882ஆம் ஆண்டின் ஹண்டர் குழு தொடக்கக் கல்விக்கு இதனைப் பரிந்துரைத்தது. கர்சன் காலத்தில் இது கைவிடப்பட்டது. நெட்டுருவைவிடக் கொடிய விளைவு ஒன்று இதில் உண்டு. தேறும் வாய்ப்பில்லாத குழந்தை அம்முறையில் பணம் ஈட்டித் தராத குழந்தையாகும். அதற்கு ஆசிரியர் செலவிடும் ஒவ்வொரு மணியும் கணக்கேட்டில் வீண். மிகுந்த உதவி தேவைப்படும் ஒருவருக்கு உதவுவதையே பிழையாகக் காட்டும் அளவுகோலை நடுநிலையானது என்று எவ்வாறு கூறுவது?

அமெரிக்காவில் 1966இல் வெளிவந்த கோல்மன் அறிக்கை, மாணவர் தேர்ச்சி வேறுபாட்டைப் பள்ளியின் வளங்களைவிடக் குடும்பப் பின்னணியே மிகுதியாக விளக்குகிறது எனக் கண்டது. செலவுக்கும் தேர்ச்சிக்கும் உறுதியான தொடர்பில்லை என 1980களில் எரிக் ஹனுஷெக் வாதிட்டார். ஆயினும், ஜாக்சன், ஜான்சன், பெர்சிகோ ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வு, பள்ளிப்பருவம் முழுவதும் செலவு 10 விழுக்காடு உயர்ந்த மாணவர்கள் வளர்ந்தபின் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் ஊதியம் பெற்றதைக் காட்டியது. ஏழைக் குழந்தைகளிடம் இவ்விளைவு மேலும் மிகுதி. ஆண்டிறுதித் தேர்வில் தென்படாத பயன் இருபதாண்டு கழித்துத் தென்படக்கூடும் என்பது இதனாற் பெறப்படும்.

இந்தியச் சூழலில் மேலும் ஆழ்ந்து நோக்கத்தக்கது ஆந்திரப் பிரதேசத்தில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வாகும். குலுக்கல் முறையில் உதவித்தொகை பெற்றுத் தனியார் பள்ளிகளில் சேர்ந்த சிற்றூர்க் குழந்தைகள், தெலுங்கிலும் கணிதத்திலும் அரசுப்பள்ளி மாணவருக்கு இணையாகவே விளங்கினர். இந்தியில் மட்டும் விஞ்சினர். ஆனால், தனியார் பள்ளிகளின் தலைக்குரிய செலவு அரசுப்பள்ளியினதில் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. ஈவின்படி தனியார் பள்ளிக்கே வெற்றி. இவ்வெற்றி எங்கிருந்து வந்தது? அங்கு ஆசிரியர் பெற்ற ஊதியம் அரசுப்பள்ளி ஆசிரியர் ஊதியத்தில் ஆறில் ஒரு பங்கினும் குறைவு. அப்பள்ளிகள் நேரத்தைத் திறம்படப் பயன்படுத்தின என்பதும் உண்மையே. அதனை மறைத்தல் முறையன்று. எனினும், சேமிக்கப்பட்ட தொகையின் பெரும்பகுதி ஓர் ஆசிரியரின் குடும்பத்திலிருந்து எடுக்கப்பட்டதாயின், அதனைச் சிக்கனம் என்னும் சொல்லால் மட்டும் குறிப்பது பொருந்தாது. எவர் சுமந்த சுமை என்பதை வகுத்தல் காட்டுவதில்லை.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தலைக்குரிய செலவினைச் சட்டக் கருத்தாகவே ஆக்கிவிட்டது. 25 விழுக்காட்டு இடஒதுக்கீட்டில் சேரும் குழந்தைக்காகத் தனியார் பள்ளிக்கு ஈடாக வழங்கப்படுவது, அரசு ஒரு குழந்தைக்குச் செலவிடும் தொகை அல்லது அப்பள்ளியின் கட்டணம், இவற்றுள் குறைந்தது என அது வரையறுக்கிறது. இக்கணக்கிற்கு அத்தொகை பயன்படுவதில் குறையில்லை. அதே தொகையைக் கொண்டு ஒரு பள்ளி நிலைப்பதா, மூடப்படுவதா என முடிவுசெய்ய முற்படுங்கால் அது வேறொன்றாகிவிடுகிறது.

ஆண்டுக்கு 20 இலட்சம் ரூபாய்ச் செலவில் 100 குழந்தைகள் பயிலும் ஒரு சிற்றூர்ப் பள்ளியைக் கற்பனை செய்யலாம். தலைக்கு 20,000 ரூபாய். வசதி சற்றுக் கூடிய 60 பேர் வேறு பள்ளிக்குச் சென்றுவிடுகின்றனர். அதே ஆசிரியர், அதே கட்டடம், அதே செலவு. கூடுதலாக ஒரு ரூபாயும் செலவிடப்படாமலே தலைக்குரிய தொகை 50,000 ஆகிவிடுகிறது. வீட்டில் பாடஞ்சொல்ல ஆளுள்ளவர்கள் போய்விட்டமையால் சராசரித் தேர்ச்சியும் தாழ்கிறது. பள்ளியின் திறன் வீழ்ந்ததாகப் பட்டியல் அறிவிக்கும். எஞ்சிய 40 பேருள் பேருந்துக் கட்டணம் தரவியலாதவரின் பிள்ளைகளும், நடக்கவியலாத குழந்தையும், பள்ளிவாசலை மிதிக்கும் முதல் தலைமுறையினரும் இருப்பர். பட்டியலில் அவர்களுக்கெனத் தனி நிரல் இல்லை.